காதில் சொட்டு விடுமுன் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா?

குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றோ தாமிரபரணியின் குறுக்குத்துறையில் முங்கி முங்கியோ குளித்த மறுநாள் காது அடைக்கும், அரிக்கும், வலிக்கும். உடனே பலரும் தேடுவது, போன சீசனில் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைத்தான். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

பெரியவர்களின் காதுக்குழல் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளம். அதன் முடிவில் 0.1 மி.மீ. தடிமனில் செவிப்பறை. அது முழுசாக இருந்தால் மருந்து வெளிக்காதோடு நின்றுவிடும். ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கி, வட்டச் சாளரம் என்னும் மெல்லிய சவ்வின் வழியே உள்காதுக்குள் கசியும். புட்டியில் இருப்பது ஜென்டாமைசினோ நியோமைசினோ என்றால், அங்குள்ள மயிரிழைச் செல்களுக்குள் புகுந்து அவற்றைக் கொல்லக்கூடும். நியோமைசின் பெரும்பாலும் கேட்கும் திறனையும், ஜென்டாமைசின் உடலின் நிலைதடுமாறாத் திறனையும் கெடுக்கும். செத்த செல் மனிதருக்கு மறுபடி முளைக்காது. சீழ் நின்ற பிறகும் விட்டுக்கொண்டே இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வீங்கித் தடித்திருந்த வட்டச் சாளரச் சவ்வு அப்போது வற்றி மெலிந்துவிடுகிறது. ஓட்டை உள்ள காதுக்கு மருத்துவர்கள் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்று எழுதுவது இதனால்தான். இவற்றுக்கு அந்த நச்சுத்தன்மை இல்லை.

உயிர்போகிற மாதிரி வலித்த காது திடீரென வலி நின்று ஒழுகினால், மூக்கைச் சிந்தும்போது காது வழியாகக் காற்று 'புஸ்' என்று வந்தால், விட்ட மருந்து தொண்டையில் கசந்தால், ஓட்டை என்றே எண்ணுங்கள். இவை எதுவும் இல்லாததால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. கருவி வைத்துப் பார்த்தால்தான் உறுதி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிவிட்டுப் போனால் மருத்துவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

வலியைவிட அரிப்பு அதிகமா? நனைந்த செய்தித்தாள் துணுக்கு மாதிரி, கரும்புள்ளி போட்ட அழுக்கு வருகிறதா? அது பூஞ்சை. ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு அதை இன்னும் வளர்த்துவிடும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை விடுவதற்கும் முறை உண்டு. புட்டியை உள்ளங்கையில் 2 நிமிடம் பொத்தி வையுங்கள். குளிர்ந்த சொட்டு பட்டால், உள்காதில் உடலின் நிலையை உணரும் அரைவட்டக் குழலில் உள்ள திரவம் அசைந்து, வீடே சுற்றும். வெந்நீரில் போட்டுச் சூடாக்க வேண்டாம். காதுக்குழலில் சீழ் நிறைந்திருந்தால் மருந்து அதன் மேலேயே நிற்கும்; வாயிலில் இருப்பதைச் சுத்தமான பஞ்சுத் திரியால் ஒற்றி எடுங்கள், பட்ஸ் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்குக் காதை மேலும் பின்னுமாக, 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுத்து, முனை காதில் படாமல் சொட்டுங்கள். காது வாயிலின் முன்னால் இருக்கும் சிறு மேட்டை நாலைந்து தடவை அழுத்திவிட்டு 5 நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும்.

திறந்த தேதியைப் புட்டியிலேயே எழுதுங்கள். பெரும்பாலான சொட்டுகளுக்கு 4 வாரம்தான் ஆயுள். காதுக்கு உரியதைக் கண்ணில் விடவே கூடாது. விட்ட பிறகு சிவப்பும் அரிப்பும் கூடினால் நியோமைசின் ஒவ்வாமையாக இருக்கலாம். நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் காதுவலியோ, வாய் ஒரு பக்கம் கோணுவதோ வந்தால், கிருமி எலும்புவரை இறங்கியிருக்கலாம். சொட்டு மருந்தை நம்பி ஒருநாளும் காத்திருக்காமல் நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மாதிரி காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள இடத்துக்கு அன்றைக்கே போய்விடுங்கள்.