ஷார்ட்கட்டுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

கணினியில் பல வருடங்களாக வேலை பார்ப்பவர்கள்கூட கன்ட்ரோல்-சி போன்ற நாலைந்து விசை ஷார்ட்கட்டுகளோடு நின்றுவிடுகிறார்கள். மீதியை யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு என்று நினைப்பு. அப்படி இல்லை. அழுத்திய விசை எந்த வழியாகப் போகிறது, யார் கையில் போய்ச் சேருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது பிடிபட்டுவிடும்.

யுஎஸ்பி கீபோர்டை எடுத்துக்கொள்வோம். 'காப்பி' என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. எந்தெந்த விசைகள் இப்போது அழுந்தியிருக்கின்றன என்று கணினிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. அடிப்படை முறையில் அந்தச் செய்தி 8 பைட் நீளம். முதல் பைட்டில் இருக்கும் 8 பிட்டுகள் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் ஆகிய விசைகளுக்கு, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்று ஒதுக்கப்பட்டவை. அடுத்த பைட் சும்மா இருக்கும். பிறகு வரும் ஆறும் மற்ற விசைகளுக்கு. ஏ விசையின் எண் 4, பி 5, சி 6. ஆக, இடது கன்ட்ரோலோடு சி-யை அழுத்தினால் 1, 0, 6 என்று தொடங்கி மீதி எல்லாம் பூஜ்யமாக ஒரு செய்தி போகும். இடது ஷிஃப்டோடு அழுத்தினால் 2, 0, 6. அவ்வளவுதான் வித்தியாசம். 1-க்குக் காப்பி என்றும் 2-க்குப் பெரிய எழுத்து என்றும் அர்த்தம் சொல்வதெல்லாம் கணினிக்குள் இருக்கும் மென்பொருள்தான்.

அந்த மென்பொருளிலும் யார் முந்தி என்ற வரிசை உண்டு. விண்டோஸில் முதல் உரிமை கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட்டுக்கு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி-யில் இதை அமைத்தவர் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர். கணினியை மறுபடி தொடங்க அவர் முதலில் வைத்தது கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப். மூன்றுமே இடப்பக்கம் இருப்பதால் கை தவறிப் பட்டுவிடும் என்று, எட்டத்தில் இருந்த டெலீட்டுக்கு மாற்றினார்கள். பின்னால் விண்டோஸ் என்டி இதை வேறு நல்ல காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. இந்த மூன்று விசைகளை இயங்குதளத்தின் மையப் பகுதியே வாங்கிக்கொள்ளும். சாதாரண நிரல் எதுவும் நடுவில் புகுந்து பிடிக்க முடியாது. அதனால் போலி லாகின் திரை காட்டி கடவுச்சொல்லைத் திருடும் நிரல் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அடுத்த வரிசை விண்டோஸ் விசையோடு சேர்ந்தவை. எந்த நிரல் திறந்திருந்தாலும் இவற்றை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். திரை கறுத்து உறைந்துவிட்டால் விண்டோஸ்-கன்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அழுத்திப் பாருங்கள். திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்த வேலை அப்படியே இருக்கும்.

எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது விண்டோஸ்-வி. நீண்ட பத்தி ஒன்றைக் கட் செய்து, ஒட்டுவதற்குள் வேறெதையோ காப்பி செய்து அதைத் தொலைத்திருக்கிறேன். காப்பி செய்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கிளிப்போர்டில் ஒன்றுதானே தங்கும் என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன். 2018-இல் இருந்து அப்படி இல்லை. ஒருமுறை விண்டோஸ்-வி அழுத்தி வரலாற்றை இயக்கிவிட்டால், கடைசியாகக் காப்பி செய்த 25 வரை வரிசையாக நிற்கும். கணினியை மூடித் திறந்தால் 'பின்' (pin) செய்து வைத்தவை தவிர மற்றவை போய்விடும்.

கட், காப்பி, பேஸ்ட் முறையை 1970-களில் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் உருவாக்கியவர்கள் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும். இன்றைய கிளிப்போர்டின் சூட்சுமமே வேறு. இணையப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு வரியைக் காப்பி செய்யுங்கள். பழைய நோட்பேடில் வெறும் எழுத்தாக விழும் அதே வரி, வேர்டில் தடித்த எழுத்தாகவே வரும். காரணம், பிரவுசர் அந்த வரியைப் பல வடிவங்களில் ஒரே சமயத்தில் வைத்துவிடுகிறது: வெறும் எழுத்து ஒன்று, அலங்காரத்தையும் சேர்த்துச் சொல்லும் ஹெச்டிஎம்எல் ஒன்று. வாங்குகிற நிரல் தனக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறது. குரோமில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி அழுத்தினால் அலங்காரம் இல்லாமல் ஒட்டுவது இதனால்தான்.

இயங்குதளம் வேண்டாம் என்று விட்ட விசைகள்தான் முன்னால் திறந்திருக்கும் நிரலுக்குப் போகும். அங்கே தேடுவது சுலபம். ஆல்ட்டை மட்டும் தட்டினால் வேர்டின் மேலே ஹோம், இன்சர்ட் போன்ற தலைப்புகள் மேல் எழுத்துகள் முளைக்கும், அதில் ஒன்றை அழுத்தினால் உள்ளே இருக்கும் பொத்தான்கள் மேலும் முளைக்கும். மெனுக்களில் கட்டளைக்கு வலப்பக்கமே ஷார்ட்கட் எழுதியிருக்கும். கோப்பின் மேல் ஷிஃப்டோடு வலது கிளிக் செய்தால் வழக்கமாகத் தெரியாதவையும் வரும். மேக்கில் மெனுவைத் திறந்துவைத்து ஆப்ஷனை அழுத்துங்கள், சில வரிகள் கண்ணெதிரே மாறும்.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது ஒன்று கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் லினக்ஸ் டெர்மினலில் இன்னும் வாழ்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் எம் எழுத்தின் எண் 77. கன்ட்ரோல் அதிலிருந்து 64-ஐக் கழித்துவிடும். மிச்சம் 13, அது என்டர் விசையின் எண். ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு கன்ட்ரோல்-எம் அழுத்திப் பாருங்கள், என்டர் அழுத்தியது போலவே ஓடும். ஹெச் 72, கழித்தால் 8, பேக்ஸ்பேஸ். ஐ 73, அதில் வரும் 9, டேப்.