“நல்லா இருக்கேம்மா” என்று பிள்ளை சொல்லும்போது

பொங்கல் விடுமுறையில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டி வந்தார். பையன் சென்னையில் பொறியியல் முதலாமாண்டு. மூன்று மாதமாக வயிற்றுவலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் கோளாறு இல்லை. பார்த்த டாக்டர்தான் மனநல ஆலோசகரான என்னிடம் அனுப்பியிருந்தார்.

“ஹாஸ்டல் சாப்பாடு சேரலை மேடம். அதான் தீபாவளி முடிஞ்சு போகும்போது நெத்திலிக் கருவாடு வறுத்துக் குடுத்து விட்டேன். ரூம்ல எல்லாப் பிள்ளைகளும் விரும்பிச் சாப்பிட்டுச்சுகளாம்” என்றார் அம்மா. பையன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன். டப்பாவைத் திறந்ததுமே ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்திருக்கிறான். எல்லோரும் தூங்கிய பிறகு இவன் கருவாட்டைக் கொண்டுபோய் ஹாஸ்டலுக்குப் பின்னால் குப்பைத்தொட்டியில் கொட்டியிருக்கிறான். வாடை போகவில்லை என்று டப்பாவை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினானாம். மறுநாள் வீட்டுக்குப் போன் செய்து, “எல்லாரும் சாப்பிட்டாங்கம்மா” என்றானாம்.

அதற்குப் பிறகு நிறையப் பேசினான். தமிழ்வழியில் படித்து நல்ல மார்க் வாங்கியவன், இங்கே வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம் கேட்கக் கூச்சம். முதல் இன்டர்னலில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. ஊர் ராம்நாடு என்று சொன்னால், “ஓ, தண்ணியில்லாக் காடா?” என்று சிரிப்பு. இதில் எதுவும் வீட்டுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு அவன் சொன்ன பதில்: “அக்கா நகை அடகுல இருக்கு மேடம்.”

(அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்தப் பதிலைத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பல பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன்.)

நம் கரையில் கலாம் கதை சொல்லாத வீடு கிடையாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அவருடைய அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததைச் சொல்லித்தான் பிள்ளைகளை ரயில் ஏற்றுகிறோம். அதே கலாம், ராமேஸ்வரத்தை விட்டு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் படிக்க வந்தபோது வீட்டு நினைப்பில் தவித்திருக்கிறார். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர்தான். அங்கே அய்யாதுரை சாலமன் என்றொரு ஆசிரியர் அவருக்குத் துணையாக இருந்தார். வளையல் கதையோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். நகைக் கதையை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, கஷ்டத்தைச் சொன்னாலே நன்றிகெட்டதனம் என்று நினைத்துக்கொள்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. கீழக்கரைப் பக்கத்து மாணவி ஒருத்தி சொன்னாள்: “கஷ்டமா இருக்குன்னு சொன்னா, படிச்சது போதும், வந்துருன்னு சொல்லிருவாங்க.” வந்தால் அடுத்த பேச்சு மாப்பிள்ளைதான் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் காய்ச்சல் வந்தால்கூட வீட்டில் சொல்வதில்லை. “என்ன ஆனாலும் படிப்பை நிறுத்த மாட்டோம்” என்று அப்பாவோ வாப்பாவோ ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் போதும், அந்தப் பெண் பேசத் தொடங்கிவிடுவாள்.

புது இடத்தில் முதல் சில வாரங்கள் அழுகை வருவதும், தூக்கம் கெடுவதும், ஊர் நினைப்பாகவே இருப்பதும் நோயல்ல. பெரும்பாலும் முதல் செமஸ்டருக்குள் தணிந்துவிடும். மனப் பதற்றம் குடலைப் பாதிக்கும். வயிற்றுவலி, குமட்டல், அடிக்கடி கழிப்பறை போவதெல்லாம் அதனால் வரலாம். அந்த வலி நிஜமான வலி, “நடிக்கிறான்” என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், வகுப்புக்குப் போகாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் தேர்வு எழுதுவதிலும் சிக்கல் வந்து சேரும். சாகலாம் என்ற எண்ணத்தைப் பிள்ளை எந்த வடிவில் சொன்னாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். செமஸ்டர் தேர்வும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. வீட்டில் வருமானம் இல்லாதது பிள்ளைக்குத் தெரியும். மெஸ் பில்லுக்குப் பணம் கேட்காமல் ஒரு வேளை பட்டினி கிடந்து தேர்வெழுதிய பையனைப் பார்த்திருக்கிறேன். பிப்ரவரியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டு, “இவ்வளவு எடுத்து வச்சிருக்கோம்” என்று சொல்லிவிடுங்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறதென்றால் அதை வீட்டுச் செலவுக்கு வாங்காதீர்கள். ஊரைவிட்டுப் போயிருக்கும் பிள்ளையின் கையில் கொஞ்சம் காசு இருக்கட்டும்.

போனில் “சாப்பிட்டியா?” என்று கேட்டால் “சாப்பிட்டேன்” என்றுதான் பதில் வரும். “இன்னைக்கு யாரோட உக்காந்து சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரத் தாமதமானால் அதைக் கவனியுங்கள்.

இந்தப் பையன் விஷயத்தில் நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. என் முன்னிலையில் அம்மாவிடம், இரண்டு பாடம் போனதை அவனையே சொல்ல வைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நகையைத் திருப்புறது எங்க பாடுப்பா. நீ ஏன் அதைத் தூக்கிச் சுமக்குற?” என்றார். கல்லூரியில் வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பார்த்தான். தமிழ்வழியில் படித்து வந்த சீனியர் ஒருவரை அவர் சேர்த்துவிட்டார். வாரம் இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து படிக்கிறான். வயிற்றுவலி குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை.

போன வாரம் அம்மா போன் செய்தார். “இந்தத் தடவை கருவாடு வேணாங்கிறான் மேடம். போன தடவை குடுத்ததைக் கொட்டிட்டேன்னும் சொல்லிட்டான்.” குரலில் வருத்தம்தான். “அதைச் சொல்லிட்டானாக்கா?” என்று கேட்டேன். “ஆமா, அவனாத்தான் சொன்னான். பொரிவிளங்காய் உருண்டை புடிச்சு வச்சிருக்கேன், ரூமுக்கு எத்தனை வேணும்னு கேக்கணும்” என்றார்.