கட்டி எத்தனை மணியில் இருக்கிறது? மார்பகப் புற்றுநோய்க்கு எண் இடும் விதம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் ரிப்போட்டில் இருப்பது இவ்வளவுதான்: வலது மார்பகம், 10 மணி, காம்பிலிருந்து 4 சென்ரிமீற்றர் தள்ளி, 2 சென்ரிமீற்றர் கட்டி. புற்றுநோய் என்று உறுதியானதும், பதிவேட்டு அறையில் இருப்பவர் இந்த ஒரு வரியை எண்ணாக மாற்ற வேண்டும். எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் எத்தனை பேருக்கு என்ற கணக்கெல்லாம் அந்த எண்களைக் கூட்டித்தான் வருகிறது. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே இதுதான் என்பதால், அந்த ஒரு வரியைச் சரியாக வாசிப்பது சின்ன வேலை அல்ல.

நோய்களுக்கு எண் தரும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலில் மார்பகப் புற்றுநோயின் எண் சி50. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் இடத்தைச் சொல்கிறது. காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் 0, நடுப்பகுதி 1. மீதியை நான்காகப் பிரிக்கிறார்கள்: மேல் உட்பகுதி 2, கீழ் உட்பகுதி 3, மேல் வெளிப்பகுதி 4, கீழ் வெளிப்பகுதி 5. நெஞ்செலும்புப் பக்கம் உள், கமக்கட்டுப் பக்கம் வெளி. பால் சுரப்பித் திசு மேல் வெளிப்பகுதியில்தான் அதிகம். கட்டிகளும் அங்கேதான் அதிகம் வருகின்றன.

சரி, 10 மணி எங்கே? வைத்தியர் நோயாளிக்கு எதிரே நின்று பார்க்கிறார். மார்பகத்தின் மேல் ஒரு கடிகார முகத்தை வைத்ததுபோல் இடத்தைக் குறிக்கிறார். வலது மார்பகத்தில் 9 முதல் 12 வரை கமக்கட்டுப் பக்கம். ஆகவே அந்தத் தாய்க்கு சி50.4. அதே 10 மணி இடது மார்பகத்தில் என்றால் நெஞ்செலும்புப் பக்கம் வந்துவிடும், எண் சி50.2. மணியை மட்டும் எழுதி, வலதா இடதா என்று எழுதாமல் விட்டால் அந்த ரிப்போட்டை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஐ.சி.டி-10 இன் மூல எண்ணில் வலது, இடது என்ற பிரிவும் இல்லை. பக்கத்தைத் தனியாகத்தான் குறிக்க வேண்டும்.

கமக்கட்டில் தட்டுப்படும் கட்டிதான் ஆட்களை அதிகம் குழப்புவது. மார்பகத் திசு கமக்கட்டை நோக்கி வால்போல நீண்டிருக்கும். புற்றுநோய் அந்த வாலிலேயே தொடங்கியிருந்தால் சி50.6. மார்பகத்தில் தொடங்கி, கமக்கட்டு நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவியிருந்தால் அந்த நெறிக்கு சி77.3, தொடங்கிய இடத்துக்குரிய சி50 எண்ணும் கூடவே இருக்க வேண்டும். மார்பகத்தின் மேல்தோலில் மட்டும் வரும் தோல் புற்றுநோய் சி50 இல் சேராது, அது பொதுவாக சி44.5. கைக்குத் தட்டுப்படுவது ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எதுவென்று சொல்லக்கூடியது, திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயொப்சியின் ரிப்போட். அதைப் பார்க்காமல் எண் இடக்கூடாது.

சி50.8 ஐயும் கவனமாகப் போட வேண்டும். ஒரே கட்டி இரண்டு பகுதிகளின் எல்லையில் கிடந்து, எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபோதுதான் அது பொருந்தும். சரியாக 12 மணியில் உள்ள கட்டி இதற்கு நல்ல உதாரணம். மேல் வெளிப்பகுதியில் தொடங்கிக் கீழே இறங்கியது என்று தெரிந்தால் அது சி50.4 தான். வேறு வேறு பகுதிகளில் தனித்தனியாக இரண்டு கட்டிகள் இருந்தாலும் சி50.8 வராது.

இடமே தெரியாவிட்டால் சி50.9. இது பிழையான எண் இல்லை. ஆனால் தேடிப் பார்க்காமல் அதைப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடித்து, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கிளினிக்குக்கு வரும் ஒருவரின் கையில் ‘இடது மார்பகம் அகற்றப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கலாம். மார்பகமே இல்லாத நிலையில் கட்டி எங்கே இருந்தது என்று இப்போது பார்த்துச் சொல்ல வழியில்லை. முதல் ஸ்கேன், பயொப்சி, சத்திரசிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றில் ஒன்று கிடைத்தாலும் போதும், 9 என்று கிடப்பதை 2 ஆகவோ 4 ஆகவோ மாற்றலாம். அதனால், கிளினிக் கொப்பியோடு பழைய ரிப்போட்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள்.