ஸ்பாஸ்டிக்: நோயின் பெயர், வசை, பாட்டு

ஸ்பாஸ்டிக் என்பது மருத்துவர்கள் எழுதிய பெயரடை. பள்ளிக்கூட மைதானத்தில் அது வசையாயிற்று. பிறகு போலியோவால் கால் சூம்பிய ஒரு பாடகர் அதைத் தன் பாட்டுக்கே தலைப்பாக்கினார்.

கிரேக்கத்தில் 'இழு' என்னும் பொருள்தரும் வினை ஒன்று உண்டு. அதில் பிறந்தது ஸ்பாஸ்மோஸ். அதுவே ஆங்கிலத்தில் ஸ்பாஸம். அதே வினையில் பிறந்த பெயரடை லத்தீனில் 'ஸ்பாஸ்டிகஸ்' ஆகி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவ நூல்களுக்குள் ஸ்பாஸ்டிக் என நுழைந்தது. மூளையின் கட்டுப்பாடு தளரும்போது தசை தானாக இழுத்துக்கொள்ளும், விறைக்கும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த வகைதான். 1952இல் பிரிட்டனில் பெற்றோர் சிலர் சேர்ந்து இவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியபோது, ஸ்பாஸ்டிக் என்பதைக் கூச்சமில்லாமல் பெயரிலேயே வைத்தார்கள். அப்போது அதில் இழிவு இல்லை.

இழிவை ஏற்றியவர்கள் பிள்ளைகள். பந்தைத் தவறவிட்டவன், தடுக்கி விழுந்தவன், கணக்கு வராதவன் எல்லாரும் 'ஸ்பாஸ்டிக்'. அதைச் சுருக்கி 'ஸ்பாஸ்'. 1994இல் சங்கம் தன் பெயரை 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. மைதானம் சும்மா இருக்கவில்லை. 'ஸ்கோப்பர்' என்று புது வசை கிளம்பியதாகச் சொல்வார்கள். பலகையை மாற்றலாம், பார்வை உடனே மாறிவிடுமா?

முதலில் சொன்ன பாடகர், பிரிட்டனைச் சேர்ந்த இயன் டியூரி, இந்தக் கதைக்குள் வருவது 1981இல். 1942இல் பிறந்தவர், ஏழு வயதில் போலியோ தாக்கியது. 1979இல் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுக்குச் சொந்தக்காரர். ஐக்கிய நாடுகள் அவை 1981ஐ ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. ஓராண்டுக்கு மட்டும் வரும் அந்தப் பரிவு டியூரிக்கு எரிச்சலூட்டியது. பதிலுக்கு அவர் எழுதியதுதான் 'ஸ்பாஸ்டிகஸ் ஆட்டிஸ்டிகஸ்'. தலைப்பின் ஓசையில் ஸ்பார்ட்டகஸ் ஒளிந்திருக்கிறான். ரோமை எதிர்த்த அந்த அடிமை வீரனைப் பற்றிய 1960ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், தோற்ற கைதிகள் தங்கள் தலைவனைக் காட்டிக்கொடுக்காமல் ஒவ்வொருவராக எழுந்து 'நானே ஸ்பார்ட்டகஸ்' என்பார்கள். பாட்டிலும் அதே குரல்: நானே ஸ்பாஸ்டிகஸ். வசையை வீசியவன் யாரைத் தேடி அடிப்பது? எல்லாரும் கை தூக்கிவிட்டார்களே. பிபிசிக்கு இது ரசிக்கவில்லை. பகல் நேர ஒலிபரப்பில் இடம் தரவில்லை. ஊனமுற்றோரின் ஆண்டில், ஊனமுற்ற ஒருவர் ஊனத்தைப் பற்றிப் பாடிய பாட்டு, ஊனமுற்றோர் மனம் புண்படும் என்ற காரணத்தால் ஒதுக்கிவைக்கப்பட்டது.

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மருத்துவக் கணக்கில் டியூரி ஸ்பாஸ்டிக்கே அல்லர். போலியோ கிருமி முதுகுத்தண்டில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. கட்டளை வராத தசை தளர்ந்து, துவண்டு, மெலிந்துவிடுகிறது. அது தளர்வாதம். ஸ்பாஸ்டிக் என்பது விறைப்பு. இரண்டும் நேரெதிர். ஆனால் தெருவில் கேலி செய்பவன் நரம்பியல் படித்துவிட்டு வருவதில்லை. நடை கோணலாக இருந்தால் போதும், எல்லாருக்கும் ஒரே சொல். டியூரி அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டது நோய்க்குறிப்பாக அல்ல, கட்சிக்கொடியாக. பிறர் சூட்டிய பெயரைத் தன் பெயராக்கும் இந்தச் செயலை 'மீட்டெடுத்தல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்குக் 'கைப்பற்றல்' என்பது இன்னும் பொருத்தமாகப் படுகிறது. மீட்பதற்கு, அது முன்பு நம்மிடம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

2012 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில், ஊனமுற்ற கலைஞர்களின் நாடகக் குழுவான கிரேயீ அதே பாட்டை உலகத்தின் முன் பாடியது. அதைக் கேட்க டியூரி இல்லை. 2000ஆம் ஆண்டே இறந்துவிட்டார்.

அப்படியானால் 2022இல் அமெரிக்கப் பாடகிகள் லிஸ்ஸோவும் பியோன்சேயும் 'ஸ்பாஸ்' என்ற சொல்லைத் தங்கள் பாடல்களிலிருந்து நீக்கியது ஏன்? அமெரிக்கப் பேச்சில் அதற்குத் தன்னிலை மறந்து துள்ளுவது என்பதுபோல ஒரு பொருள் உண்டு. வசையின் காரம் அங்கே குறைவு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கேட்டவர்களுக்கோ அது பழைய மைதானம். எதிர்ப்பு வந்ததும் இருவரும் சில நாட்களிலேயே வரியை மாற்றினார்கள். டியூரியின் வாயில் கொடியானது இவர்கள் வாயில் ஏன் ஆகவில்லை என்றால், அவர் தன்னைச் சொன்னார்; இவர்களுக்கு அது தாளத்துக்கு விழுந்த ஒரு சொல். அவ்வளவுதான் வேறுபாடு, அதுவே பெரிய வேறுபாடு.

இனி தமிழ். கிரேக்கன் 'இழு' என்ற வினையிலிருந்து இந்த நோய்ப்பெயரை எடுத்தான் என்று பார்த்தோம். தமிழும் தனியாக அதே வழியில்தான் போயிருக்கிறது: இழுப்பு, வலிப்பு, இசிவு. இழுப்புக்கு விளக்கம் வேண்டாம். வலித்தல் என்றாலும் இழுத்தல்தான். துடுப்பு வலிப்பதை நினைத்துக்கொள்ளலாம். இசித்தல் என்பதற்கும் அகராதி தரும் பொருள் இழுத்தல். மூன்றில் எது? இழுப்பு என்றால் இன்று மூச்சிரைப்பு நினைவுக்கு வரும். வலிப்பு என்றால் காக்காய்வலிப்பு. கறைபடாமல் கிடைப்பது இசிவுதான். மூலிகை நூல்களில் 'இசிவகற்றி' என்ற சொல்லைப் பார்க்கலாம். ஸ்பாஸத்தைப் போக்கும் மருந்து என்பதே அதன் பொருள். ஆகவே மருத்துவப் பொருளில் ஸ்பாஸ்டிக் என்பதற்கு 'இசிவுசார்' என்றும், அந்த நிலைக்கு 'இசிவிறுக்கம்' என்றும் எழுதலாம். பேச்சில் 'தசை விறைப்பு' போதும்.

ஆளைக் குறிக்க அந்தப் பெயரடையைப் பயன்படுத்த வேண்டியதே இல்லை: 'மூளை முடக்குவாதம் உள்ளவர்'. தமிழ்நாட்டில் அரசு வழக்கு 'மாற்றுத்திறனாளி'. அதை விரும்புவோரும் உண்டு, பூசிமெழுகல் என்று ஒதுக்கி, 'ஊனமுற்றவர்' என்றே தன்னைச் சொல்லிக்கொள்வோரும் உண்டு. சென்னையில் 1985இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்று தொடங்கிய ஓர் அமைப்பு இன்று வித்யா சாகர். தரமணியில் இன்னொன்று பழைய பெயரோடு இருக்கிறது. இங்கே அது பலர் காதில் வசையாக விழுவதில்லை. ஆங்கில மைதானத்தின் கறை கடல் தாண்டி முழுதாக வரவில்லை. நம் மைதானத்துக்கு 'நொண்டி' இருந்தது, போதுமானதாக.

பாட்டின் தலைப்பை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். நானும் ஒருமுறை 'இசிவன்' என்று எழுதிப் பார்த்தேன். ஸ்பார்ட்டகஸ் காணாமல் போனான்; சிவன் வந்து நின்றார்.