பதினைந்து கிலோவாட்டும் ஒரு தேசிய நெட்வொர்க்கும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி பிரெஸ்க் ஐல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. உருளைக்கிழங்கு விளையும் பூமி. தொலைக்காட்சித் தொழில் அந்த நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்த ஊருக்குக் கடைசி வரிசையில்தான் இடம். பல பத்தாண்டுகளாக இங்கே இருந்த வணிக நிலையம் ஒன்றே ஒன்று. அது, உள்ளூர் நிலையங்கள் வழியாக நாடு முழுவதற்கும் நிகழ்ச்சி தரும் நெட்வொர்க்குகளில் ஒன்றான சிபிஎஸ்ஸைச் சேர்ந்தது. மற்றொரு நெட்வொர்க்கான என்பிசியைப் பார்க்க வேண்டுமானால், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தெற்கே உள்ள பேங்கர் நகரத்து நிலையம் கேபிளில் வந்தால்தான் உண்டு. 2020-இல் இந்த ஊருக்கே ஒரு என்பிசி நிலையம் வந்தது. அது குறைசக்தி நிலையம்.

குறைசக்தி என்றால் எவ்வளவு குறைவு? எஃப்.சி.சி. எனப்படும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1982-இல் இந்த வகை உரிமத்தை உருவாக்கியது. இன்று யுஎச்எஃப் எனப்படும் உயர் அதிர்வெண் அலைவரிசையில் இத்தகைய நிலையத்துக்கு உச்சவரம்பு 15 கிலோவாட். முழுச்சக்தி நிலையம் 1,000 கிலோவாட் வரை போகலாம்.

இந்த 15 கிலோவாட், டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளிவரும் மின்சக்தியின் அளவு அன்று; ஆன்டெனா குவித்தபின் அலைக்குக் கிடைக்கும் வலுவின் கணக்கு. கோபுர உச்சியில் இருக்கும் ஆன்டெனாவில் கதிர்வீசும் உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவை ஒரே தாளத்தில் இயங்கும்போது, வானத்துக்கும் கோபுரத்தின் அடிவாரத்துக்கும் வீணாகப் போயிருக்க வேண்டிய ஆற்றல் ஒடுங்கி, அடிவானத்தை நோக்கிப் பாய்கிறது. கேபிளில் ஏற்படும் இழப்பைக் கணக்கில் எடுக்காமல் சொன்னால், ஆற்றலைப் பதினைந்து மடங்கு குவிக்கும் ஆன்டெனாவுக்கு ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டரே போதும். ஒரு துணி அயர்ன் பெட்டி இழுக்கும் மின்சாரத்தின் அளவுதான் அது. அதைக்கொண்டு ஒரு நகரம் முழுவதற்கும் படம் காட்ட முடிகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் விஷயம்.

சக்தியைவிட உயரம் பெரியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. வளிமண்டலம் சற்றே வளைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைக் கொஞ்சம் தாண்டிப் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அலை எட்டும் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 100 மீட்டர் உயரத்துக்கு 41 கிலோமீட்டர். 400 மீட்டருக்கு 82. ஆகவே நல்ல மலை ஒன்று கிடைத்துவிட்டால் சிறிய நிலையமும் பெரிய வட்டாரத்தைப் பிடித்துவிடும். நடுவே மற்றொரு மலை வந்தால் எத்தனை கிலோவாட் இருந்தாலும் படம் கிடைப்பது கடினம்.

பழைய அனலாக் முறையில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி விழும், பேய்நிழல் தெரியும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. பின்னணியில் எப்போதும் இருக்கும் மின்காந்த இரைச்சலைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு வலுவோடு அலை வந்து சேர்ந்தால் படம் துல்லியமாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, திரை கறுத்துவிடும். குறைசக்தி நிலையத்தின் எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கு மழை நாளும் காற்றில் ஆடும் மரமும் இதனால் பெரிய விஷயங்கள்.

தமிழ்நாட்டில் வயதானவர்களுக்குத் தூர்தர்ஷனின் மறுஒளிபரப்பு நிலையங்கள் நினைவிருக்கும். அவற்றின் வேலை வந்ததை அப்படியே திருப்பி அனுப்புவது. அமெரிக்க மலையூர்களிலும் 1950-களிலிருந்தே அப்படிப்பட்ட நிலையங்கள் உண்டு. 1982-இல் வந்த உரிமத்தின் புதுமை, அந்தச் சிறு நிலையம் சொந்தமாகவும் நிகழ்ச்சி தரலாம் என்பதுதான். உள்ளூர்ச் செய்தியும் உள்ளூர் விளம்பரமும் அங்கிருந்துதான் வருகின்றன.

நெட்வொர்க்கின் நிகழ்ச்சி சாட்டிலைட் வழியாகவோ ஃபைபர் வழியாகவோ நிலையத்துக்கு வருகிறது. அதனுடனேயே கண்ணுக்குத் தெரியாத குறிப்புகளும் வருகின்றன. 'இங்கே உன் விளம்பரத்துக்கு இடம்' என்று குறிப்பு வந்ததும், நிலையத்தின் கணினி உள்ளூர் கார் விற்பனையாளரின் விளம்பரத்தைச் செருகிவிட்டு, நேரம் முடிந்ததும் நெட்வொர்க்குக்குத் திரும்பும். பின் எல்லாம் சுருக்கப்பட்டு, நொடிக்கு சுமார் 19.4 மெகாபிட் கொள்ளும் ஒரே தடத்தில் அடைக்கப்படுகின்றன. இந்தக் கொள்ளளவு முழுச்சக்தி நிலையத்துக்கும் இதற்கும் ஒன்றே. சக்தி குறைவதால் எட்டும் தூரம்தான் குறைகிறது. படத்தின் தரம் குறைவதில்லை.

இனிப் பணத்தின் பக்கம். பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றின் விளையாட்டுப் போட்டிகளைக் கையில் வைத்திருக்கும் நிலையத்தைக் கேபிள் நிறுவனம் ஒதுக்க முடியாது. குறைசக்தி நிலையத்தைக் கேபிளில் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் 1992-இல் வந்த கேபிள் சட்டப்படி, நிலையத்தின் சம்மதமின்றி அதன் ஒளிபரப்பை எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அந்தச் சம்மதத்துக்கு விலை உண்டு. நெட்வொர்க்கைக் குறைசக்தி நிலையத்தில் நடத்த இன்னொரு காரணமும் இருந்தது. ஒரே சந்தையின் முதல் நான்கு நிலையங்களில் இரண்டை ஒரே நிறுவனம் வாங்க அன்றைய விதி பொதுவாக இடம்தரவில்லை. குறைசக்தி உரிமம் அப்போது அந்தக் கணக்கில் சேரவில்லை. பிரெஸ்க் ஐலில் சிபிஎஸ் நிலையத்தின் உரிமையாளரே என்பிசி நிலையத்தையும் நடத்த முடிந்தது இதனால்தான்.

இவ்வளவு இருந்தும் சட்டத்தின் முன் இந்த நிலையங்கள் இரண்டாம் வரிசைதான். முழுச்சக்தி நிலையத்துக்கு இவை இடையூறு செய்யக் கூடாது. அதிலிருந்து வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 2017-இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான தொலைக்காட்சி அலைவரிசைகள் கைபேசி நிறுவனங்களுக்குப் போயின. அங்கிருந்த குறைசக்தி நிலையங்கள் வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிறிய ஊர்களுக்குச் செய்தி தரும் நிலையங்களை இப்படி நடத்தியது அநியாயம் என்றே நினைக்கிறேன். 'கிளாஸ் ஏ' என்ற உயர்ந்த தகுதி பெற்றவை மட்டும் தப்பின. அந்தத் தகுதிக்கு நாள்தோறும் 18 மணி நேர ஒளிபரப்பும், வாரத்துக்குச் சராசரியாக மூன்று மணி நேர உள்ளூர் நிகழ்ச்சியும் வேண்டும்.

இந்த ஏலத்தின் விளைவை பாஸ்டனில் பார்க்கலாம். 2017 ஜனவரி 1 அன்று என்பிசி அங்கே தன் முழுச்சக்திக் கூட்டாளியைக் கைவிட்டு, தானே வாங்கிய குறைசக்தி நிலையத்துக்கு மாறியது. எட்டாத இடங்களுக்காக மற்ற இரு நிலையங்களின் துணை அலைவரிசைகளிலும் (அவற்றின் தடத்திலேயே கூடுதலாக ஓடும் சேனல்கள்) அதே நிகழ்ச்சியை ஓடவிட்டது. பிறகு நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா ஊருக்கு உரிமம் பெற்ற ஒரு கிளாஸ் ஏ நிலையத்தை வாங்கியது. அந்த நிலையம் தன் அலைவரிசையை ஏலத்தில் விற்றுவிட்டு, பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றோடு தடத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்திருந்தது. ஆகவே என்பிசியின் பாஸ்டன் நிலையத்துக்கு இன்று இருப்பது குறைசக்தி வகை உரிமம். அதன் படமோ பொதுத் தொலைக்காட்சியின் முழுச்சக்தி டிரான்ஸ்மிட்டரிலிருந்து கிளம்புகிறது.