கிரீன் கார்டு நேர்காணல்: தம்பதியர் முதலில் படிக்க வேண்டியது தங்கள் விண்ணப்பத்தையே

அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு பெற்றவர்களையும் மணந்துகொண்ட தமிழர்களின் குடியேற்ற விண்ணப்பங்களைக் கையாளும் வழக்கறிஞர் என்ற முறையில் ஒன்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். நேர்காணலுக்கான அழைப்புக் கடிதம் வந்ததும் பெரும்பாலான தம்பதியர் இணையத்தில் கிடைக்கும் கேள்விப் பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்து, மாலை வேளைகளில் எதிரெதிரே அமர்ந்து, இருவருடைய பதில்களும் ஒரே மாதிரி வரும்வரை ஒப்பித்துப் பார்க்கிறார்கள். இந்த உழைப்பு போக வேண்டிய இடம் வேறு.

சட்டம் கேட்பது ஒரே கேள்வியைத்தான். திருமணம் நடந்த வேளையில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் உண்மையாகவே இருந்ததா என்பதே அது. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1983-ஆம் ஆண்டில் லாரியானோ வழக்கில் உறுதிசெய்த இந்த அளவுகோலைத்தான் இன்றும் அதிகாரிகள் பின்பற்றுகிறார்கள். ஐயத்துக்கு இடமே இல்லாதபடி மெய்ப்பிக்கும் சுமை உங்கள்மேல் இல்லை. மொத்தச் சான்றுகளையும் எடைபோட்டால் உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். மாமியாரின் பிறந்தநாளை மருமகன் மறந்துவிட்டதால் மட்டும் ஒரு விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை. ஒப்பித்த வாசகங்கள் இருவர் வாயிலிருந்தும் எழுத்துப் பிசகாமல் வரும்போதுதான் அனுபவமுள்ள அதிகாரி நிமிர்ந்து உட்காருகிறார்.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை. துணைவருக்காகத் தாக்கல் செய்யும் மனுவான ஐ-130, அதனோடு இணைக்கும் ஐ-130ஏ, கிரீன் கார்டு கோரும் ஐ-485 ஆகிய படிவங்களை நிரப்பி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பல வீடுகளில் அவற்றைக் கணவர் மட்டுமே நிரப்பியிருப்பார், மனைவி கையெழுத்துப் போட்டதோடு சரி. கடந்த 5 ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், முந்தைய திருமணங்கள் என எல்லாம் அவற்றில் உள்ளன. மாணவர் விசாவுக்கோ சுற்றுலா விசாவுக்கோ முன்பு விண்ணப்பித்தபோது சொன்னவையும் அரசின் பதிவில் இருக்கின்றன. அதிகாரி அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் கேட்கிறார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். பிழை இருந்தால் குறித்துக்கொண்டு, நேர்காணலின் தொடக்கத்திலேயே நீங்களாக முன்வந்து திருத்துங்கள்.

நம்மவர்களின் விண்ணப்பங்களில் திருமண நாளே அடிக்கடி சிக்கலாகிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்றாலும், முகூர்த்தம் ஒரு நாளும் பதிவு வேறொரு நாளுமாகவே பெரும்பாலும் அமைகிறது. இலங்கைத் தமிழரிடையே எழுத்து எனப்படும் திருமணப் பதிவு முதலில் முடிந்து, தாலி கட்டும் சடங்கு சில மாதங்கள் கழித்து நடப்பதும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியரில் கணவர் பதிவு நாளைப் படிவத்தில் எழுதியிருந்தார். மனைவியோ நேர்காணலில் முகூர்த்த நாளைச் சொன்னார். ஏன் மாறுகிறது என்று அதிகாரி கேட்டபோது, பதற்றத்தில் அவர் 'மறந்துவிட்டேன்' என்றார். கல்யாண நாளை மறந்த மனைவி என்று கோப்பில் பதிவாயிற்று. கோயிலில் நடந்தது இந்த நாள், பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டது அந்த நாள் என்ற ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. சான்றிதழில் திருமண நாள் என்று எது குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள்களையும் சொல்லத் தயாராக இருங்கள்.

பெயரிலும் இதே கவனம் தேவை. இனிஷியல் மட்டும் உள்ளவர், தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டவர், கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வந்தவர் எனப் பலர் உண்டு. எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று காட்டும் ஆவணத்தைக் கையில் வைத்திருங்கள்.

பெரியோர் நிச்சயித்த திருமணத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, கல்லூரியிலேயே காதலித்தோம் என்று கதை கட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இது மிகவும் ஆபத்தானது. இல்லாத காதலுக்கு அடுத்தடுத்து வரும் கேள்விகளில் விடை இருக்காது. ஜாதகம் யார் மூலம் வந்தது, பெண் பார்க்க யார் யார் போனார்கள், முதன்முதலில் தொலைபேசியில் எதைப் பற்றிப் பேசினீர்கள், நிச்சயதார்த்தம் எந்த மண்டபத்தில் நடந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இத்தகைய திருமணங்கள் அதிகாரிகளுக்குப் புதியவை அல்ல. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையே இருவரும் பேசிய வாட்ஸ்அப் அழைப்புகளின் பதிவு, நூறு மேடைப் புகைப்படங்களைவிட அதிகம் பேசும்.

ஆவணங்களில் பெரிய குறை, எல்லாமே ஒருவர் பெயரில் இருப்பதுதான். கூட்டுச் சொத்து, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கலந்துபோன வரவு செலவு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், அறிந்தவர்களின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை விதிமுறையே எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறது. மனைவி வேலைக்குச் செல்லாத வீட்டில் லீஸ், மின்கட்டணம், கார் காப்பீடு எல்லாம் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும். வங்கிக் கணக்கில் மனைவி பெயரைச் சேர்ப்பதோடு நிற்காமல், அந்தக் கணக்கிலிருந்து மளிகைக்கும் வாடகைக்கும் பணம் போவது தெரிய வேண்டும். நேர்காணலுக்கு முந்தைய வாரம் தொடங்கிய கணக்கு எதையும் காட்டாது. வரித் தாக்கலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊரில் திருமணம் முடித்து வந்தபின், மனைவி இன்னும் வரவில்லை என்ற காரணத்தால் மணமாகாதவர் என்று வரி தாக்கல் செய்தவர்கள் கணிசமாக உள்ளனர். அதைக் கணக்காளர் மூலம் திருத்தித் தாக்கல் செய்துவிட்டு நேர்காணலுக்குச் செல்வதே நல்லது. கல்யாண ஆல்பம் முழுவதையும் தூக்கிச் செல்ல வேண்டாம். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உறவினரோடு எடுத்த சில படங்களைப் பொறுக்கி, பின்புறத்தில் நாள், இடம், உடன் இருப்பவர் பெயர் எழுதுங்கள்.

நேர்காணல் சத்தியப் பிரமாணத்துடன் தொடங்கும். ஐயம் எழுந்தால் இருவரையும் தனித்தனியே விசாரிப்பார்கள். 1976-இல் நியூயார்க்கில் முடிவுக்கு வந்த ஒரு வழக்கின் பெயரால் இதை ஸ்டோக்ஸ் நேர்காணல் என்கிறோம். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பார், நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள், அடுப்பு கேஸா மின்சாரமா என்பன போன்ற கேள்விகள் வரும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லும் பதில்தான் பின்னர் முரண்பாடாக நிற்கும். ஆங்கிலத்தில் தடுமாறும் மனைவிக்காகக் கணவர் மொழிபெயர்க்க நினைப்பது சரியல்ல. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துச் சென்று, அதற்கான ஜி-1256 படிவத்தில் அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்வது, அரைகுறை ஆங்கிலத்தில் ஆம் ஆம் என்று தலையாட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

இந்தியாவிலிருந்து வரும் துணைவருக்கான குடியேற்ற விசா நேர்காணல் சென்னையில் அல்லாமல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கிறது. அங்கே பெரும்பாலும் விண்ணப்பதாரர் தனியாகவே பதில் சொல்ல வேண்டியிருப்பதால், துணைவரைப் பராமரிப்பேன் என்று உறுதியளிக்கும் ஐ-864 படிவத்தில் கணவர் காட்டிய வருமானம், அவர் செய்யும் வேலை, குடியிருக்கும் வீடு ஆகியவற்றை மனைவி அறிந்திருப்பது அவசியம்.

விசா காலம் கடந்து தங்கியவர்களும் கைது, வழக்கு என ஏதேனும் பின்னணி உள்ளவர்களும் வழக்கறிஞர் இல்லாமல் நேர்காணலுக்குப் போகவே கூடாது. பணம் வாங்கிக்கொண்டு காகிதத் திருமணம் செய்துவைக்கும் தரகர்களை அறவே நம்பாதீர்கள். குற்றம் உறுதியானால் 5 ஆண்டு வரை சிறை. போலித் திருமணம் என்று ஒருமுறை முடிவானால், பின்னாளில் உண்மையாக மணக்கும் துணைவர் தாக்கல் செய்யும் மனுவையும் அது தடுத்துவிடும். அதேபோல், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுவேன் என்று மிரட்டி அடிக்கும் கணவரோடு வாழும் பெண்கள் அவருடைய தயவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டின் சட்டம், ஐ-360 படிவத்தின் வழியே அவருக்குத் தெரியாமல் தாமாகவே விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது. இந்தச் செய்தி நம் பெண்களில் பலருக்குச் சென்று சேரவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் நாளில் திருமணமாகி 2 ஆண்டு நிறையாவிட்டால், நிபந்தனையோடு கூடிய 2 ஆண்டு கார்டுதான் வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாள்களுக்குள் அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் தகுதியே பறிபோகும். அந்த நாளை இப்போதே காலண்டரில் குறித்துக்கொண்டு, லீஸ், வரி, வங்கிக் கணக்கு என வரும் தாள்களையெல்லாம் அதே கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.