கவ்வாத்துக் கத்தியும் வேரின் கையிருப்பும்

கவ்வாத்து, அதாவது செடியைக் கட்டையாகக் குறைக்கும் வெட்டு, முடிந்த தேயிலை மலையை முதல் தடவை பார்ப்பவர், நெருப்புப் பிடித்த இடம் என்றே நினைப்பார். முழங்கால் உயரத்துக்கு நரைத்த கட்டைகள் நிற்கும். தேடினாலும் பச்சை இலை கிடைக்காது. 4 மாதம் கழித்து அங்கேயே கொழுந்து தளதளவென்று நிற்கும். இலை இல்லாத செடிக்கு வெயிலிலிருந்து உணவு சமைக்க வழியில்லை. அப்படியானால் அது எதைத் தின்று தளிர்த்தது? வீட்டு வாசலில் நிற்கும் ரோசாவை எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும், கைக்கு எட்டாது என்பார்கள். அது பாதிக் காரணம்தான். கொழுந்து கிள்ளும் ஒவ்வொரு முறையும் சின்னக் காம்புத்துண்டு ஒன்று மிஞ்சுகிறது. அடுத்த தளிர் அதற்குக் கீழேயுள்ள கணுவிலிருந்து வருகிறது. சில வருடம் இப்படிக் கிள்ளுப்பட்ட வாதின் நுனி, கோழிக்கால் விரல் மாதிரி முடிச்சு முடிச்சாகக் குறண்டிப்போகும். அந்த முடிச்சுகள் வழியாகத் தண்ணீர் ஏறுவதே சிரமம். தளிர் மெலியும், வளராமல் நின்றுபோகும் மொட்டுகள் பெருகும். அதனால்தான் குளிரான உயர்ந்த மலைகளில் 4, 5 வருடத்துக்கு ஒருமுறையும், வளர்ச்சி வேகமான தாழ்ந்த பகுதிகளில் அதைவிடக் குறைந்த இடைவெளியிலும் வெட்டுகிறார்கள்.

வெட்டியதும் தூங்கிய மொட்டு எழும்புவது எப்படி? வளரும் நுனி ‘ஆக்சின்’ என்ற ஹார்மோனைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். செடியின் சர்க்கரையில் பெரும்பங்கையும் நுனியே இழுத்துக்கொள்ளும். நுனியை வெட்டினால் தடையும் போகிறது, சர்க்கரையும் பக்கத்துக்குத் திரும்புகிறது. வெட்டுக்கு உடனே கீழேயிருக்கும் ஓரிரண்டு மொட்டுகள்தான் முதலில் முந்தும். முந்தியவை அடுத்தவற்றை அடக்கத் தொடங்கும். ஆகவே எங்கே வெட்டுகிறோமோ, அங்கிருந்துதான் புதுச்செடி. சுற்றிலும் மேலால் கத்தரித்துக்கொண்டே இருக்கும் வேலிச்செடி வெளியே பச்சையும் உள்ளே வெறும் குச்சியுமாக ஆவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் மொட்டை எழுப்பினால் போதாது, அதற்குச் சோறு போட வேண்டும். அந்தச் சோறு வேரில் மாச்சத்தாகச் சேர்ந்திருக்கிறது. புது இலைகள் தங்கள் உணவைத் தாங்களே தயாரிக்கும்வரை செடி முழுக்க வேரின் கையிருப்பில்தான் ஓடும். கையிருப்பு இல்லாத செடியை வெட்டினால் சில தளிர் வரும், ஒரு சாண் வளரும், பிறகு வாடும். கட்டை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். “கத்தி சரியில்லை” என்று வெட்டியவர்மேல் பழி போகும். குறை பெரும்பாலும் வெட்டுவதற்கு முந்தைய மாதங்களில் இருக்கும்.

கையிருப்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். 1925இல் தொடங்கப்பட்டு இன்று இலங்கையின் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம், வெட்டுவதற்கு முன் அயடின் சோதனை செய்யச் சொல்கிறது. தூரிலிருந்து சற்றுத் தள்ளி மண்ணை விலக்கி, பென்சில் பருமன் வேர் ஒன்றை வெட்டியெடுத்துக் கழுவித் துடைக்க வேண்டும். குறுக்கே வெட்டிய முகத்தில் அயடின் கரைசலைத் தடவி ஓரிரு நிமிடம் பார்க்க வேண்டும். முகம் முழுக்கக் கருநீலமானால் மாச்சத்து நிறைய இருக்கிறது. ஆங்காங்கே புள்ளியாகக் கறுத்தால் அரைகுறை. அயடினின் மஞ்சள் பழுப்பு அப்படியே நின்றால் கத்தியை உறையில் போட்டுவிடலாம். ஒரு செடியை மட்டும் பார்த்து ஒரு மலைக்கே முடிவெடுக்கக் கூடாது. மேட்டிலும் பள்ளத்திலும் பல செடிகளைப் பார்க்க வேண்டும்.

மாச்சத்துக் குறைவென்றால் 6 முதல் 8 வாரம்வரை கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். முதிர்ந்த இலைகள் சமைப்பதைச் செலவழிக்கத் தளிர் இல்லாததால் மிச்சம் வேருக்கு இறங்கும். இன்னொரு வழி, ஓரிரு வாதுகளை இலையோடு விட்டுவைப்பது. தோட்டத்தில் இதை ‘லங்’ என்பார்கள், நுரையீரல் என்ற பொருளில். பெயர் அவ்வளவு பொருத்தமில்லை. அந்த வாது மூச்சுவிடுவதைக் காட்டிலும் சமைப்பதே முக்கியம். புதுத்தளிர் இலை விரித்ததும் அதையும் வெட்டிவிடலாம். குளிரான உயரத்தில் வேரில் மாச்சத்து நன்றாகச் சேருவதால் மேல்மலைத் தேயிலை முழுமொட்டையைத் தாங்கும். சூடான கீழ்ப்பகுதிச் செடி தாங்காது.

அடுத்தது காலம். நுவரெலியா, ஹட்டன் பக்கம் தை, மாசியில் வறட்சியும் விடியற்காலை உறைபனியும் உண்டு. பண்டாரவளை, பதுளை பக்கம் ஆடி ஆவணியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று காயவைக்கும். அந்த நேரத்தில் தேயிலைக் கட்டையை மொட்டையாக்கினால் பட்டை வெடிக்கும். நல்ல மழை என்று நம்பி மூடுபனிக்குள் தளிரை விடுவதும் ஆபத்து. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்ப் பூஞ்சை இளம் இலையை மட்டுமே தொற்றும். கவ்வாத்துக்குப் பின் செடியில் இருப்பதெல்லாம் இளம் இலைதான். அதனால்தான் வெட்டிய மலைகளுக்கு மட்டம் எடுக்கும்வரை (புதுத்தளிர் நுனிகளை ஒரே உயரத்தில் கிள்ளும்வரை) செம்பு கலந்த மருந்து விடாமல் அடிக்கிறார்கள்.

இனி வெட்டு. வளைந்த கவ்வாத்துக் கத்தியின் வேலை ஒரே இழுப்பில் முடிய வேண்டும், வெட்டு முகம் சாய்வாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். உயரம் மேல்மலையில் ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறையும் பழைய வெட்டுக்கு ஓரிரு அங்குலம் மேலே. பழைய முடிச்சிலேயே மறுபடி வெட்டினால் தளிர் ஒழுங்காக வராது. கத்தி மழுங்கினால் வாது பிளந்து, பட்டை நாராகக் கிழியும். அந்தப் பிளவில் தண்ணீர் தேங்கி உள்கட்டை உளுத்துப்போகும். உளுத்த கட்டை வழியாகத்தான் மேல்மலைத் தேயிலையின் கறையான் உயிருள்ள தண்டுக்குள் குடியேறுகிறது. அது வெளியே மண் பூசுவதில்லை. செடி முறியும்போதுதான் தெரியவரும்.

மரத்தின் புண் நம் தோல்போல ஆறுவதில்லை. அழுகிய பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ விளக்கினார். சுவர் எழுப்பவும் மாச்சத்து வேண்டும். சின்ன வெட்டு சீக்கிரம் அடைபடும், மணிக்கட்டுப் பருமன் வெட்டு பல வருடம் வாய் திறந்தே இருக்கும்.

வெட்டிய கையோடு காய்ந்த கொம்பையும் பாசியையும் நீக்கி, வெட்டிப்போட்ட இலைக்கொம்புகளைக் கட்டைமேல் பரப்பினால் வெயில் பட்டையைச் சுடாது. மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் கல்பொடி போடுவதும் இந்தச் சமயம்தான். தளிர் உயர்ந்ததும் கை பரபரக்கும், பொறுக்க வேண்டும். கீழே 4, 5 இலை நிலைத்த பிறகே மட்டம் எடுக்கலாம். அவசரப்பட்டுக் கிள்ளினால் வேருக்குத் திருப்பிக் கொடுக்க இலையே இருக்காது.

இந்தக் கணக்கை வாசல் பூச்செடிக்கு அப்படியே கொண்டுவரலாம், ஒரு வித்தியாசத்தோடு: பூ எந்தக் கொம்பில் வரும் என்று முதலில் பார்க்க வேண்டும். ரோசா புதுக்கொம்பில் பூக்கும். கடும் பனி விலகியதும் வெளிப்புறம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்து வெட்டுங்கள். அதற்கு மேலே நீளமாக விட்ட துண்டு காய்ந்து, அந்தக் காய்வு கீழே இறங்கும். மலைக்குளிரில் வெட்டிலிருந்து பூவுக்கு 8 முதல் 10 வாரம் பிடிக்கும்; சித்திரையில் நுவரெலியாவில் பூக்காட்சி நேரத்துக்குப் பூ வேண்டுமென்றால் மாசித் தொடக்கத்திலேயே வெட்டு முடிந்திருக்க வேண்டும், வாளியில் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும்.

ஹைட்ரேஞ்சியாவுக்கு அதே தேதியில் கத்தி வைத்தால் அந்த வருடம் வெறும் இலைதான். சாதாரண பெரும்பூ வகை, பழைய கொம்பின் நுனி மொட்டிலேயே பூவை ஒளித்துவைத்திருக்கும். பூ வாடியதும் அதற்குக் கீழேயுள்ள முதல் பருத்த ஜோடி மொட்டுக்கு மேலே வெட்டுவதோடு நிறுத்துங்கள். கிழடான கொம்பு 1 அல்லது 2ஐ மட்டும் அடியோடு எடுக்கலாம். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய டொலமைட்டை இதன் தூரில் கொட்டினால் மண்ணின் புளிப்புக் குறைந்து, செடிக்கு அலுமினியம் கிடைக்காமல், நீலப் பூ அடுத்த தடவை இளஞ்சிவப்பாக வந்து நிற்கும்.